தண்ணீர் இல்லாத நிலத்தில் தங்கம் தேட: குறைந்த செலவில் எந்தக் கருவி?

ஆற்றோரம் தங்கம் தேடுகிறவருக்குக் கருவி வாங்குவதில் பெரிய குழப்பம் கிடையாது. ஒரு தட்டும் மண்வெட்டியும் ஓடும் தண்ணீரும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். வறண்ட நிலத்தில் அப்படி இல்லை. மண்ணைக் கழுவத் தண்ணீர் கிடையாது என்றதுமே மனம் இயந்திரத்துக்கும் விலை கூடிய மெட்டல் டிடெக்டருக்கும் தாவிவிடுகிறது. கையிலிருக்கும் பணம் முழுக்க ஒரே கருவியில் போய், அந்தக் கருவி நிலத்துக்குப் பொருந்தாமல் கிடப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் வருத்தமான விஷயம்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலத்தில் இருக்கும் தங்கம் பொடியா, குருணையா, கட்டியா என்பதைப் பொறுத்துத்தான் கருவியை முடிவு செய்ய வேண்டும். அது தெரியும்வரை பெரிய செலவு எதுவும் வேண்டாம்.

இந்த அளவு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மி.மீ. விட்டமுள்ள உருண்டைத் தங்கத் துணுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருக்கும். அப்படி நூறு சேர்ந்தால் ஒரு கிராம். விட்டம் 0.1 மி.மீ. என்றால், ஒரு கிராம் சேர்க்க ஏறக்குறைய ஒரு லட்சம் துணுக்கு வேண்டும். நூறு துணுக்கைத் தேடுவதற்கான கருவியும் ஒரு லட்சம் துணுக்கைப் பிடிப்பதற்கான கருவியும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தங்கத்தைப் பிரிப்பது அதன் கனம். தூய தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. காற்றில் இரண்டுக்கும் உள்ள விகிதம் 7 மடங்கைக் கொஞ்சம் தாண்டும். தண்ணீருக்குள் இரண்டையும் மிதப்பு விசை கொஞ்சம் தாங்கிப் பிடிப்பதால் அதே விகிதம் 11 மடங்காகிவிடுகிறது. கறுப்பு மணலில் நிறைய இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் அடர்த்தி ஏறக்குறைய 5.2. அதோடு ஒப்பிட்டால் காற்றில் தங்கம் 4 மடங்குகூட வராது. ஆகவே காற்றை வைத்துப் பிரிக்கும் எந்தக் கருவியும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தண்ணீர் பிடிக்கும் அளவுக்குப் பொடித் தங்கத்தைப் பிடிக்காது. "தண்ணீரில் அரிப்பதைப் போலவே பிடிக்கும்" என்று யாராவது விற்றால் நம்பிவிடாதீர்கள்.

சல்லடையும் வாளியும்

இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இது: மண்ணை அங்கேயே உலர்வாகச் சலித்து, சலித்ததை மட்டும் தண்ணீர் உள்ள இடத்துக்குக் கொண்டுவந்து தட்டில் அரிப்பது. இரண்டு சல்லடை (ஒன்று 12 மி.மீ. கண், இன்னொன்று 3 மி.மீ. அல்லது அதற்கும் சின்னது), மூடியுள்ள வாளிகள், பிளாஸ்டிக் தட்டு, ஒரு காந்தம், கடினமான தூரிகை, சின்னக் கடப்பாரை, பொடித் தங்கத்தை உறிஞ்சி எடுக்கும் சிறிய பாட்டில். இவ்வளவுதான். தட்டு உலோகத்தில் வேண்டாம், பச்சையோ கறுப்போ நிறத்தில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தங்கம் அதில் பளிச்சென்று தெரியும், அடியில் காந்தம் பிடித்துக் கறுப்பு மணலை ஒதுக்கவும் தோதாக இருக்கும்.

இதை ஏதோ தொடக்கநிலை விளையாட்டு என்று நினைக்கக் கூடாது. நிலத்தைப் பற்றி உண்மையைச் சொல்லும் கருவி இது ஒன்றுதான். வறண்ட ஓடையின் உள்வளைவு, பெரிய பாறையின் பின்புறம், அடிப்பாறையின் விரிசல், புதர்களின் வேர் இடுக்கு என்று இடத்துக்கு ஒரு வாளி எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்து, தனித்தனியாக அரித்துப் பாருங்கள். பாலை நிலங்களில் மண்ணுக்குள் சுண்ணாம்புச் சத்து இறுகிக் கல்லைப் போல ஒரு படிவம் உண்டாகியிருக்கும். தங்கம் அதைத் தாண்டி இறங்க முடியாமல் அதன் மேலேயே தங்குவதுண்டு. அடிப்பாறை வரை தோண்டத் தேவையில்லாமல் அந்தப் படிவத்தின் மேல் பரப்பைச் சுரண்டித் தூரிகையால் கூட்டி எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம்.

இதன் குறை எடைதான். 20 லிட்டர் வாளி நிறைய மண் 30 கிலோவைத் தாண்டும். சலிப்பதால் பாதிக்கு மேல் அங்கேயே ஒழிந்துவிடும் என்றாலும் மீதியைச் சுமந்தாக வேண்டும். வண்டி போகும் தடம் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். இல்லையென்றால் இது மாதிரி பார்ப்பதோடு சரி, உற்பத்திக்கு ஆகாது.

சுமக்கவே வேண்டாம் என்றால், தட்டிலேயே உலர்வாகக் கொழிக்கலாம். முறத்தில் அரிசியைக் கொழித்துக் கல்லை ஒதுக்குகிற அதே கைவாகு இதற்கும் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1892-இல் கூல்கார்டியிலும் அடுத்த ஆண்டு கால்கூர்லியிலும் தங்கம் கிடைத்தபோது அங்கே தண்ணீர் அரிது. ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மண்ணை உயரத்திலிருந்து கொட்டி, காற்றில் தூசி பறக்கவிட்டுத்தான் ஆட்கள் தங்கம் சேர்த்தார்கள். நீண்ட குழாய் போட்டுக் கால்கூர்லிக்குத் தண்ணீர் கொண்டுவந்தது 1903-இல்தான். அதற்குள் அந்த முறையில் ஏராளமான தங்கம் எடுத்தாகிவிட்டது. ஆனால் அவர்களுக்குச் சிக்கியது பெரும்பாலும் குருணையும் கட்டியும். பொடி மண்ணோடு போய்விட்டது.

துருத்தியா, ஊதியா?

மாதிரி பார்த்ததில் பொடியும் குருணையும் கலந்து, ஒரே இடத்தில் தொடர்ந்து கிடைக்கிறது என்றால் ட்ரைவாஷர் பக்கம் போகலாம். வறண்ட நிலத்துக்கென்றே உருவான கருவி இது. மேலே மண் கொட்டும் தொட்டியும் அதன் மேல் சல்லடையும் இருக்கும். சலித்த மண் கீழே சரிவாக இருக்கும் தட்டில் விழும். அந்தத் தட்டின் அடிப்பகுதி துணியால் ஆனது. மேலே குறுக்குச் சட்டங்கள். துணிக்கு அடியிலிருந்து காற்று வரும். காற்று வரும்போது லேசான மண் எழும்பிச் சட்டத்தைத் தாண்டி வழிந்து போகும். கனமான தங்கமும் கறுப்பு மணலும் சட்டத்தின் முன்னால் துணியோடு ஒட்டித் தங்கும்.

காற்று எப்படி வருகிறது என்பதில்தான் வகை பிரிகிறது. துருத்தி வகையில் கையால் சக்கரம் சுற்றினால் துருத்தி திறந்து மூடி, விட்டு விட்டுக் காற்றைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் மண் எழும்பி, மறுபடி படியும். அந்தப் படியும் கணத்தில்தான் தங்கம் கீழே இறங்கிவிடுகிறது. ஊதி வகையில் சின்ன இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்றும். குழாய் வழியாக இடைவிடாமல் காற்று வரும், தட்டு அதிர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த சூடான காற்று செயற்கை இழைத் துணியில் உரசுவதால் உண்டாகும் நிலைமின்சாரம் பொடித் தங்கத்தைத் துணியோடு பிடித்து வைக்கவும் உதவும்.

வேகம் என்று பார்த்தால் ஊதி வகை ஜெயிக்கும். ஒரு நாளில் பல மடங்கு மண்ணைத் தள்ளலாம். ஆனால் செலவைப் பார்க்கிறவருக்கு என் பரிந்துரை துருத்திதான். இன்ஜின் இல்லை, எரிபொருள் இல்லை, பழுது என்று வந்தால் ஒரு துணியோ தோல் பட்டையோ கீலோ மாற்றுவதோடு முடிந்துவிடும். தனியாளாகத் தோண்டி, தனியாளாகக் கொட்டுகிறவரால் ஊதியின் வேகத்துக்கு ஈடுகொடுத்து மண் போடவே முடியாது. தோண்ட இரண்டு மூன்று பேர் இருந்தால் மட்டும் ஊதி அர்த்தமாகிறது. சில இடங்களில் கையால் இயக்கும் கருவிக்கு ஒரு விதியும் இன்ஜின் வைத்த கருவிக்கு வேறு விதியும் இருக்கும். அதையும் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துருத்தி வகையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒட்டுப்பலகை, கெட்டியான கேன்வாஸ், கீல்கள், பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று, ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் தோல் மடல் ஒன்று. மரவேலை தெரிந்தவருக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. சிக்கல் வருவது துணியில்தான். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், ஆனால் காற்று போக வேண்டும். வாயை வைத்து ஊதிப் பாருங்கள்: காற்று சிரமத்தோடு போனால் சரி, தாராளமாகப் போனால் பொடித் தங்கம் துணி வழியாகக் கீழே இறங்கிவிடும், போகவே இல்லை என்றால் மண் எழும்பாது. இலை ஊதும் கருவியை மாட்டி ஊதி வகை செய்கிறவர்களும் உண்டு. அதில் காற்று பெரும்பாலும் தேவைக்கு மேல் வரும். குழாயில் ஒரு துளை போட்டு, மூடித் திறக்கிற மாதிரி வைத்து மிச்சக் காற்றை வெளியே விட்டால் கட்டுக்குள் வரும்.

தட்டின் சரிவை ஒவ்வொரு நிலத்திலும் புதிதாகப் பார்க்க வேண்டும். சரிவு அதிகமானால் எல்லாம் ஓடிவிடும். குறைந்தால் சட்டங்களுக்கு இடையில் மண் இறுகி, அதன் மேல் தங்கம் வழுக்கிக்கொண்டு போகும். மண் ஒரு சட்டத்தைத் தாண்டி அடுத்த சட்டத்துக்குச் சீராக, சோம்பலாக வழிய வேண்டும். வேலையை நிறுத்திப் பார்க்கும்போது தங்கம் மேலே உள்ள முதல் இரண்டு மூன்று சட்டங்களில் இருந்தால் சரிவு சரி. கடைசிச் சட்டத்திலும் கிடைக்கிறது என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அதைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இந்தக் கருவிக்கு ஈரம் ஆகவே ஆகாது. மேலே காய்ந்து கிடக்கும் மண் ஒரு சாண் கீழே ஈரமாக இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள், உருண்டை பிடித்தால் அன்று ட்ரைவாஷர் வேலைக்காகாது. பரப்பிக் காயவைத்து, கட்டியை உடைத்துத்தான் போட வேண்டும். களிமண் அதிகமுள்ள நிலமாக இருந்தால், காய்ந்தாலும் களிக்கட்டிக்குள்ளேயே தங்கம் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் இதை வாங்குவதையே நான் ஆதரிக்க மாட்டேன்.

வாங்கியதோ செய்ததோ, எதுவானாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்ன ஈயக் குண்டுகளைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, பத்தை எண்ணி ஒரு வாளி மண்ணில் கலந்து ஓட்டுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3தான். அதைப் பிடிக்கிற கருவி அதே அளவுத் தங்கத்தைப் பிடித்துவிடும். பத்தில் எத்தனை திரும்பி வந்தது என்பதை வைத்து இரண்டு கருவிகளை நேர்மையாக ஒப்பிடலாம். பழைய கருவி வாங்கப் போகும்போது ஒரு டப்பாவில் ஈயத் தகடுகளை எடுத்துச் செல்லுங்கள். ஈயத்தைத் தொட்டபின் கையை நன்றாகக் கழுவுவது அவசியம்.

மெட்டல் டிடெக்டர்

மாதிரி மண்ணில் பொடி அவ்வளவாக இல்லை, ஆனால் அந்தப் பகுதியில் கட்டிகள் கிடைத்த வரலாறு இருக்கிறது என்றால் டிடெக்டர்தான் சரி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1980-இல் 27 கிலோவுக்கும் மேற்பட்ட ஒரே கட்டி டிடெக்டரால் கிடைத்தது. அப்படிப்பட்டது எல்லோருக்கும் கிடைக்காது என்பது தெரிந்ததே. ஆனால் கிராம் கணக்கில் சின்னக் கட்டிகளை மண்ணை அள்ளாமலே எடுக்க வேறு வழி கிடையாது. அதே சமயம் பொடித் தங்கம் ஒரு டன் மண்ணில் எவ்வளவு இருந்தாலும் டிடெக்டர் சத்தம் போடாது.

இதிலும் இரண்டு வகை. வி.எல்.எஃப். என்பது தொடர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வேலை செய்வது. நாணயம் தேடும் சாதாரண டிடெக்டர்கள் குறைந்த அதிர்வெண்ணில் ஓடும். தங்கத்துக்கென்று செய்தவை உயர்ந்த அதிர்வெண்ணில். ஃபிஷர் கோல்டு பக் 2 ஓடுவது 71 கிலோஹெர்ட்ஸில், மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 ஓடுவது 45 கிலோஹெர்ட்ஸில். தீக்குச்சித் தலையைவிடச் சின்னத் துணுக்கைக்கூட இவை சொல்லும், ஆனால் மேலாக இருந்தால்தான். மண்ணில் இரும்புத் தாது அதிகமாக இருந்தால் இவை தடுமாறும். சில கற்களே உலோகம் மாதிரி சத்தம் கொடுக்கும். இன்னொரு வகையான பி.ஐ., துடிப்புத் துடிப்பாகக் காந்தப் புலத்தை அனுப்பி, நின்றதும் திரும்பி வருவதைக் கேட்பது. சிவந்து, இரும்பு மண்டிக் கிடக்கும் மண்ணிலும் அமைதியாக ஆழத்தில் தேடும். விலை வி.எல்.எஃப்.-ஐவிடப் பல மடங்கு.

குறைந்த செலவில் டிடெக்டர் என்று கேட்டால், உயர் அதிர்வெண் வி.எல்.எஃப். ஒன்றைப் பழையதாக வாங்குங்கள் என்றே சொல்வேன். தரைக்கு மேலே ஆட்டித் தேடும் தலைப்பகுதியான சுருள் சின்னதாக, நீள்வட்டமாக இருக்கட்டும்; அதிலும் டபுள் டி வகை (உள்ளே D வடிவக் கம்பிச் சுற்று இரண்டு ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும்) பாறை இடுக்குக்கும் இரும்பு மண்ணுக்கும் ஒத்துவரும். சுருளின் கேபிளை அசைத்துப் பார்த்துச் சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். மலிவான பொதுப்பயன் டிடெக்டரை வாங்கித் தங்கம் தேடுவது வீண். பணம் மிச்சமாவதைப் போலத் தெரியும், சின்னக் கட்டிகளை எல்லாம் தவறவிடுவீர்கள். விலை கூடிய பி.ஐ. மாதிரிகளில் போலிகள் உலகம் முழுக்க நடமாடுகின்றன. நம்ப முடியாத குறைந்த விலைக்கு வந்தால், வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

டிடெக்டருக்கு விலை மட்டும் செலவு இல்லை, பொறுமையும் செலவு. தங்கத் துணுக்கும் அலுமினியத் தகடும் ஈயக் குண்டும் ஒரே மாதிரிச் சத்தம் தரும். எல்லாவற்றையும் தோண்டியாக வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டுப் போவதும் கட்டாயம்.

தண்ணீரைச் சுற்றிவிடும் முறை

ஒரு தொட்டி, 12 வோல்ட் பம்ப், பேட்டரி, தண்ணீரோடு மண்ணை ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடிக்கும் சின்னச் சரிவுத் தடம் (ஸ்லூஸ்): ஐம்பது அறுபது லிட்டர் தண்ணீரை மறுபடி மறுபடி பயன்படுத்தி அரிக்கும் ஏற்பாடு இது. தோண்டிய மண்ணை அப்படியே இதில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் சேறாகிவிடும். சேறு கனமானதால் பொடித் தங்கம் படியாமல் போகும். ட்ரைவாஷர் கொடுத்த கறுப்பு மணல் கலவையைக் கடைசியாகச் சுத்தம் செய்ய மட்டும் இது அருமை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டால், தண்ணீர்ப் பரப்பில் மிதக்கப் பார்க்கும் பொடியும் மூழ்கிவிடும். இதற்கென்று தனியாக வாங்கத் தேவையில்லை. ஆரம்பத்தில் ஒரு அகலத் தொட்டியும் தட்டுமே போதும்.

பாதரசம் ஊற்றிப் பொடியைச் சேர்ப்பது மலிவு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் தொடவே வேண்டாம். சூடாக்கும்போது வரும் ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மண்ணிலும் நீரிலும் தலைமுறைக்கும் தங்கும். இந்தக் கேட்டைக் கட்டுப்படுத்தத்தான் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதேபோல, நின்ற இடத்திலிருந்தே பல நூறு மீட்டர் தொலைவிலுள்ள தங்கத்தைக் காட்டும் என்று ஆன்டெனாவோடு விற்கும் கருவிகள் எதையும் வாங்காதீர்கள். அப்படி வேலை செய்ய எந்த இயற்பியலும் கிடையாது.

சரி, எதை வாங்குவது? பணம் மிகக் குறைவு என்றால் சல்லடை, வாளி, தட்டு. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தட்டில் பொடியும் குருணையும் விடாமல் வருகிறது, நிலம் நன்றாகக் காய்கிறது, களி இல்லை என்றால் கையால் சுற்றும் துருத்தி ட்ரைவாஷர், முடிந்தால் நீங்களே செய்தது. மண்ணில் பொடி வராமல், பக்கத்தில் கட்டிகள் கிடைத்த இடம் என்றால் பழைய உயர் அதிர்வெண் வி.எல்.எஃப். பி.ஐ. வாங்கும் பேச்சை, வி.எல்.எஃப். தடுமாறும் இரும்பு மண்ணில் கட்டி இருப்பது உறுதியான பிறகு எடுக்கலாம். பழைய ஆட்கள் ட்ரைவாஷர் ஓட்டிக் குவித்துவிட்டுப் போன மண்மேடு இருந்தால் அது தனி யோகம்: பெரிய கல் ஒதுக்கிய குவியலில் டிடெக்டரையும், சன்ன மண் குவியலில் தட்டையும் வைத்துப் பாருங்கள். அவர்களின் சல்லடைக்கு அடங்காத கட்டி முதலாவதில் இருக்கும், அவர்களின் துணி பிடிக்காத பொடி இரண்டாவதில் இருக்கும்.

எந்தக் கருவிக்குப் பட்ஜெட் போட்டாலும் அதில் நல்ல முகக் கவசத்தையும் சேருங்கள். ட்ரைவாஷரும் உலர்ந்த சல்லடையும் கிளப்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. துணியைக் கட்டிக்கொள்வது போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும், நுண்துகளை வடிகட்டும் கவசம் வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று வேலை செய்யுங்கள். நிலம் யாருடையது, தேட அனுமதி தேவையா, எடுத்ததை வைத்துக்கொள்ளலாமா என்பதை மண்வெட்டி தரையில் படுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.